காவிரிக் குடும்பம் என்று ஒன்று இருந்தது

பெங்களூரில் வாழும் தமிழர்களுக்கு ஆகஸ்ட் கடைசியில் ஒரு பழக்கம் உண்டு. காவிரித் தண்ணீரைத் தேக்கும் கர்நாடக அணைகளான கே.ஆர்.எஸ்.ஸில் (கிருஷ்ணராஜ சாகர்) எத்தனை அடி, கபினியில் எத்தனை அடி என்று பார்ப்பார்கள். வயலில் கால் வைத்தே இராத, மென்பொருள் கம்பெனியில் உட்கார்ந்திருக்கிற ஆள்கூடப் பார்ப்பார். கே.ஆர்.எஸ். 124 அடியைத் தொட்டுவிட்டதென்றால் அந்த வருடம் தப்பித்தோம், டி.என். பதிவெண் வண்டியை நிம்மதியாக வெளியே எடுக்கலாம். 100க்குக் கீழே நின்றுவிட்டால் செப்டம்பர் எப்படிப் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். 1991 டிசம்பர் காவிரிக் கலவரத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓசூர் பக்கம் ஓடியவர்களின் பிள்ளைகள் இன்றைக்கும் இங்கேதான் இருக்கிறார்கள். 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பஸ்கள் வரிசையாக எரிந்தன, 16 காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு போட்டார்கள். 2023இல் செப்டம்பர் 26 பெங்களூர் பந்த், மூன்றே நாளில் கர்நாடக பந்த்.

நான் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஆள். பிழைப்பு பெங்களூரில். அதனால் இந்தச் சண்டை எனக்கு டிவியில் வருகிற சண்டை இல்லை, ஊரில் அப்பா ஒரு பக்கமும் மேல்மாடியில் மத்தூர்க்காரர் (மத்தூர் கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்து ஊர்) ஒருவர் இன்னொரு பக்கமும் இருக்கிற சண்டை. இரண்டு பேருக்கும் நிலம் உண்டு, இரண்டு பேரும் நெல் போடுகிறவர்கள். ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஆனால் ஒருவரைப் பற்றி இன்னொருவருக்கு ஏகப்பட்ட விஷயம் தெரியும், அதில் பாதி தப்பு.

2023 பந்த் நேரத்தில் மத்தூர்க்காரர் என்னிடம் நேராகவே கேட்டார்: "உங்க பக்கம் மூணு போகம் போடுறீங்களே, எங்களுக்கு ஒண்ணுக்கே தண்ணி இல்லையே, இது நியாயமா?" கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். கர்நாடகத்தில் யாரைக் கேட்டாலும் இந்த மூன்று போகக் கணக்கு வரும். அரசியல்வாதி சொல்வார், ஆட்டோக்காரர் சொல்வார், பத்திரிகையில் கட்டுரை எழுதுகிறவரும் சொல்வார். எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் ரொம்பச் சுலபம். குறுவை, சம்பா, தாளடி என்று மூன்று பெயர் இருக்கிறது அல்லவா, அதைக் கூட்டிப் பார்த்தால் மூன்று. ஆனால் ஒரே வயலில் மூன்றும் விளையாது. ஜூன் 12க்கு மேட்டூர் திறந்து குறுவை போட்டவர் அதை அறுத்த பிறகு தாளடி போடுவார். குறுவை போடாதவர் ஆகஸ்ட் வாக்கில் நீண்டகால சம்பா போட்டு, தை மாதம் அறுப்பார். ஒன்று, அல்லது இரண்டு. கடைமடையில் எங்கள் பக்கமெல்லாம் குறுவை என்பதே கேள்விக்குறி, சம்பா ஒன்று வீடு வந்து சேர்ந்தால் போதும் என்றுதான் இருப்போம்.

இதைச் சொன்னதும் அவர் சும்மா விட்டுவிடவில்லை. "சரி, போர்வெல் இருக்கே உங்களுக்கு?" என்றார். அதுவும் நியாயமான கேள்விதான், ஏனென்றால் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் நிலத்தடி நீர் நன்றாகவே இருக்கிறது, பம்புசெட் வைத்தே குறுவை எடுக்கிறவர்கள் உண்டு. கடலோரமாக வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் போனால் உப்பு. டெல்டா என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோமே தவிர அதற்குள்ளேயே தண்ணீர் உள்ளவர், இல்லாதவர் என்று இரண்டு சாதி இருக்கிறது. 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இந்த நிலத்தடி நீரைக் கணக்கில் எடுத்துத்தான் தமிழ்நாட்டின் பங்கில் 10 டி.எம்.சி.யை (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கனஅடி) கழித்தது, பெங்களூர் குடிநீருக்காக இன்னொரு 4.75. காவிரி நடுவர் மன்றம் 2007இல் கொடுத்த 419 அதனால்தான் 404.25 ஆனது. மத்தூர்க்காரர் கேட்டதை நீதிமன்றமும் கேட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் கேட்டுப் பாருங்கள், இதே மாதிரி ஒரு வாக்கியம் தயாராக இருக்கும்: "நம்ம தண்ணியில அவன் கரும்பு வளர்க்கிறான்." மண்டியாவில் கரும்பு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதே மண்டியாவில் 2015இல் கரும்பு விவசாயிகள் வரிசையாகத் தற்கொலை செய்துகொண்டார்கள் என்பது தஞ்சாவூரில் எத்தனை பேருக்குத் தெரியும்? அடுத்த வருடமே வடகிழக்குப் பருவமழை பொய்த்து டெல்டாவில் விவசாயிகள் கருகிய பயிரைப் பார்த்து மாண்டார்கள், அது மண்டியாவில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்தக் கேள்விகளை 20 வருடத்துக்கு முன்பே சிலர் உட்கார்ந்து ஒருவரையொருவர் கேட்டிருக்கிறார்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. அதற்குப் பெயர் காவிரிக் குடும்பம். என் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2002 மோசமான வருடம். தென்மேற்குப் பருவமழை ஏமாற்றியது, கர்நாடகம் தண்ணீர் விட மறுத்தது, உச்ச நீதிமன்றம் விடச் சொன்னது. கபினி அணையில் ஒரு கன்னட விவசாயி குதித்து உயிரை விட்டார். அன்றைய கர்நாடக முதல்வர் எஸ்.எம்.கிருஷ்ணா மண்டியாவை நோக்கிப் பாதயாத்திரை போனார். தமிழ்நாட்டில் திரையுலகம் திரண்டு நெய்வேலிக்குப் போய், கர்நாடகத்துக்கு மின்சாரம் தராதே என்றது. இரண்டு பக்கமும் கட்சிகளுக்கு அது நல்ல அறுவடை, வயலில்தான் ஒன்றும் இல்லை.

அந்தச் சூடு ஆறுவதற்குள், 2003 ஏப்ரலில், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் இரண்டு மாநில விவசாயிகளும் ஒரே அறையில் உட்கார்ந்தார்கள். அதற்குப் பின்னால் பேராசிரியர் ஜனகராஜனின் உழைப்பு பெரிது. தமிழ்நாட்டுப் பக்கம் மன்னார்குடி ரங்கநாதன், கர்நாடகப் பக்கம் ராஜ்ய ரைத்த சங்கம் என்ற விவசாயிகள் அமைப்பின் கே.எஸ்.புட்டண்ணய்யா. இரண்டு பேருமே சாதுவான ஆட்கள் இல்லை. தத்தம் ஊரில் காவிரிக்காகப் போராட்டம் நடத்தியவர்கள், மேடையில் மறுபக்கத்தைப் போட்டு வறுத்தவர்கள். இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். சமாதானப் பேச்சு என்றாலே நாம் இரண்டு பக்கத்திலும் மிதவாதிகளைத் தேடிப் பிடிக்கிறோம், அவர்கள் ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து ஒருவரையொருவர் பாராட்டிவிட்டுக் காபி குடித்துப் போவார்கள். அதனால் யாருக்கும் நட்டமில்லை, லாபமுமில்லை. ஊர் நம்புகிற ஆள், தண்ணீர் வராவிட்டால் தன் வயலே காயும் என்கிற ஆள் வந்து உட்கார்ந்தால்தான் பேச்சுக்குக் கனம் வரும்.

அந்த வருடம் ஜூனில் அடுத்த கூட்டம் பெங்களூரில் நடந்தது. அப்புறம் அவர்கள் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒருவர் ஊருக்கு இன்னொருவர் போனார்கள். கர்நாடக விவசாயிகள் டெல்டாவுக்கு வந்து வெடித்துக் கிடந்த வயலைப் பார்த்தார்கள், நம் ஆட்கள் அங்கே போய் அணையையும் பயிரையும் பார்த்தார்கள். 1970களிலிருந்து இரண்டு அரசுகளும் 20க்கும் மேற்பட்ட முறை பேசியிருக்கின்றன. முதல்வர், அமைச்சர், பொறியாளர், வக்கீல் எல்லோரும் பேசியாயிற்று. அதிலெல்லாம் மேஜை மேலே இருந்தது கோப்பு. மெட்ராஸும் மைசூரும் போட்ட 1892 ஒப்பந்தம், 1924 ஒப்பந்தம், 50 வருடம் முடிந்தால் காலாவதியா இல்லையா, இப்படி. அந்த வாதம் தேவையில்லை என்று சொல்ல மாட்டேன், தேவைதான். ஆனால் 1924இல் மெட்ராஸ் மாகாணம் மைசூரை மிரட்டிக் கையெழுத்து வாங்கியது என்று நினைக்கிற ஆளிடம் 1924ஐப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பேச்சு 1924ஐத் தாண்டாது. வறட்சி வருடத்தில் உன் வீட்டில் எதை விற்பாய் என்று கேட்டால், அங்கே இரண்டு விவசாயிக்கும் பதில் ஒன்றுதான்.

காவிரிச் சண்டையின் உள்ளமைப்பை ஒரு நிமிடம் பாருங்கள், ஏன் நேரில் பேச வேண்டியிருக்கிறது என்பது புரியும். மழை நன்றாகப் பெய்கிற வருடம் சண்டையே கிடையாது. கே.ஆர்.எஸ். கொள்ளளவு 49.45 டி.எம்.சி.தான், கபினி அதைவிடச் சின்னது, குடகிலும் வயநாட்டிலும் ஜூலையில் கொட்டினால் அவர்கள் வேண்டாம் என்றாலும் தண்ணீர் வந்தே தீரும், 93.47 டி.எம்.சி. கொள்ளும் மேட்டூர் நிரம்பும். பிரச்சினை எல்லாம் மழை தாமதமாகிற வருடத்தில், ஜூனிலிருந்து செப்டம்பர் வரை உள்ள சில வாரங்களில். மண்டியா விவசாயி அணையில் உள்ளதைப் பிடித்து வைக்கத்தான் பார்ப்பார், ஏனென்றால் அவருக்குத் தென்மேற்குப் பருவமழையை விட்டால் வேறு பெரிய மழை இல்லை. டெல்டா விவசாயி அதே வாரங்களில் குறுவையைக் காப்பாற்றியாக வேண்டும், சம்பாவுக்கு நாற்று விட்டாக வேண்டும். "உனக்குத்தான் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வருமே" என்பார் அவர். "வந்தால் வரும், வராவிட்டால்? அப்படியே வந்தாலும் புயலாக வந்து மூழ்கடித்துவிட்டுப் போகும்" என்பார் இவர். இரண்டும் உண்மை. இரண்டு பேரும் வராத ஒரு மழையைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், வெவ்வேறு மழை, அவ்வளவே வித்தியாசம்.

தமிழ்நாட்டுக்குள் வரும் தண்ணீரை அளக்கிற எல்லை இடமான பிலிகுண்டுலுவில் மாதா மாதம் எவ்வளவு வர வேண்டும் என்று அட்டவணை இருக்கிறது. ஜூலைக்கு 31.24, ஆகஸ்டுக்கு 45.95 டி.எம்.சி. இது சாதாரண வருடத்துக்கு. பற்றாக்குறை வருடத்தில் எப்படிப் பங்கிடுவது? விகிதாச்சாரப்படி குறைத்துக்கொள்ளுங்கள் என்று நடுவர் மன்றம் சொல்லிவிட்டுப் போய்விட்டது. எந்தத் தேதியில் எந்த அணையைப் பார்த்து எந்த விகிதம் என்பதில்தான் ஒவ்வொரு மோசமான வருடமும் அடிதடி. 2023இல் நாளொன்றுக்கு 5,000 கனஅடி விடச் சொல்லி காவிரி மேலாண்மை ஆணையம் 15 நாளுக்கு உத்தரவு போட்டபோது தமிழ்நாடு இது போதாது என்றது, கர்நாடகம் இதுவே அதிகம் என்றது.

காவிரிக் குடும்பம் பேச எடுத்துக்கொண்டதே இந்தப் பற்றாக்குறைப் பங்கீட்டைத்தான். முழுச் சண்டையையும் தீர்க்கப் போகிறோம் என்று அவர்கள் மார் தட்டவில்லை. வழக்கு பாட்டுக்கு நடக்கட்டும், தீர்ப்பு வருகிறபோது வரட்டும், அதுவரை ஒரு கெட்ட வருடத்தில் நீயும் நானும் சாகாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதுதான் கேள்வி. பெரிய கேள்வியை ஓரமாக வைத்துவிட்டுச் சின்னக் கேள்வியை எடுத்ததைச் சிலர் கோழைத்தனம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் உரிமையை விட்டுக்கொடுக்காமலே ஒருவர் எதிராளியோடு உட்கார முடிந்தது என்றால் அதற்கு இந்த ஏற்பாடுதான் காரணம். ரங்கநாதன் தமிழ்நாட்டின் பங்கு குறைய வேண்டும் என்று ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை, புட்டண்ணய்யா பழைய ஒப்பந்தம் நியாயமானது என்று ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. ஒப்புக்கொள்ளச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

மரியாதையான உரையாடல் என்று சொன்னாலே ஏதோ குரலைத் தாழ்த்திப் பேசுவது, "உங்கள் கருத்தை மதிக்கிறேன்" என்று ஆரம்பிப்பது என்று நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் குடியிருப்பில்கூட 2016க்குப் பிறகு ஒரு எழுதாத விதி உண்டு: காவிரியைப் பற்றிப் பேசக் கூடாது. நல்ல எண்ணத்தில் போட்ட விதிதான். விளைவு என்னவென்றால் எல்லோரும் அவரவர் வீட்டுக்குள் அவரவர் மொழிச் சேனலைப் பார்த்து அவரவர் கோபத்தை வளர்த்துக்கொண்டோம், லிஃப்டில் மட்டும் சிரித்தோம். மத்தூர்க்காரர் அந்த விதியை மீறி மூன்று போகக் கேள்வியைக் கேட்டதால்தான் இப்போது அவருக்குத் தாளடி என்றால் என்னவென்று தெரியும். அவர் சொல்லித்தான் கே.ஆர்.எஸ்.ஸிலிருந்து மண்டியாவுக்குப் போகிற விஸ்வேஸ்வரய்யா கால்வாயில் மழை பொய்த்த வருடம் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள், கால்வாயின் கடைசியில் இருக்கிறவர் நிலை எங்கள் கடைமடைக்காரர் நிலைதான் என்று எனக்குத் தெரியும். எங்கள் இரண்டு பேருக்கும் இன்னமும் யார் பக்கம் நியாயம் என்பதில் ஒத்துப்போகவில்லை, போகாது.

மாறாக, 2012 நவம்பர் 29 அன்று நடந்ததை நினைத்துப் பாருங்கள். உச்ச நீதிமன்றம் இரண்டு முதல்வர்களும் பேசிப் பார்க்கக் கூடாதா என்று கேட்டது. ஜெயலலிதா பெங்களூருக்கு வந்தார், ஜெகதீஷ் ஷெட்டரைச் சந்தித்தார். வெளியே கேமராக்கள். 30 டி.எம்.சி. கேட்டார், ஒரு சொட்டுக்கூட இல்லை என்ற பதிலோடு திரும்பினார். இதில் அந்த இருவரின் குணத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த அறையில் ஷெட்டர் 5 டி.எம்.சி. தருகிறேன் என்று சொல்லியிருந்தால் மறுநாள் மண்டியாவில் அவர் கால் வைக்க முடியாது, ஜெயலலிதா 5 போதும் என்றிருந்தால் தஞ்சாவூரில் அவர் கதி அதே. அவர்கள் தோற்பதற்காகவே அமைந்த கூட்டம் அது. பார்வையாளர் இருக்கிற இடத்தில் யாரும் மனசு மாற மாட்டார்கள், மாறினாலும் சொல்ல மாட்டார்கள். டிவி விவாதங்களை நான் பார்ப்பதை நிறுத்தியதற்கும் இதுதான் காரணம், அது வேறு கதை.

காவிரிக் குடும்பத்தை ஒரேயடியாகத் தூக்கி வைக்கவும் எனக்கு விருப்பமில்லை. பல வருடம் பல கூட்டம் நடந்தும் இரண்டு அரசுகளும் ஏற்றுக்கொண்ட ஒரு பங்கீட்டுச் சூத்திரம் அதிலிருந்து பிறக்கவில்லை. மதகைத் திறக்கும் அதிகாரம் அவர்கள் கையில் இல்லையே. நீரியல் கணக்குகளும் அரசுகளின் பிடியில்தான். அது போக, அந்த அறையில் இருந்தவர்கள் நிலம் உள்ளவர்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்கள், தண்ணீர் வராத வருடம் முதலில் கூலி இழந்து திருப்பூருக்கு வண்டி ஏறுகிறவர்கள், அவர்கள் குரல் அங்கே எவ்வளவு ஒலித்திருக்கும் என்ற சந்தேகம் எனக்கு உண்டு. விவசாயி என்றாலே பட்டாதாரர் என்று நினைக்கிற பழக்கம் இரண்டு மாநிலத்துக்கும் பொது.

இன்னொன்று, பேச்சு நின்றுபோனால் எல்லாம் போச்சு. 2016 செப்டம்பரில் பெங்களூர் எரிந்தபோது அந்தப் பழைய கூட்டங்களால் அதைத் தடுக்க முடியவில்லை. எரித்தவர்கள் விவசாயிகள் இல்லை, அவர்களுக்கும் மண்டியா வயலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று நான் வாதாடலாம், வாதாடியும் இருக்கிறேன். ஆனால் அன்று மாலை இரண்டு மாநில விவசாயத் தலைவர்கள் ஒன்றாக ஒரு மேடையில் நின்று "எங்கள் பெயரில் எரிக்காதீர்கள்" என்று சொல்லியிருந்தால் அதற்கு ஒரு எடை இருந்திருக்கும். புட்டண்ணய்யா 2018 பிப்ரவரி 18 அன்று இறந்துபோனார், உச்ச நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு வந்து இரண்டே நாளில். தீர்ப்பு வந்த பிறகு பேச என்ன இருக்கிறது என்று பலர் நினைத்துவிட்டார்கள். அது தப்பான கணக்கு என்பதை 2023 காட்டியது.

அரசியல்வாதிகள் எப்போதுமே கெடுப்பார்கள் என்றும் சொல்ல முடியாது. அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை 1991இலிருந்து 18 வருடம் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்று கருணாநிதியும் எடியூரப்பாவும் அதைத் திறந்தார்கள், அடுத்த வாரமே சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையைத் திறந்தார்கள். ஒன்றுக்கு ஒன்று என்கிற வியாபாரம்தான், இருந்தாலும் நல்ல வியாபாரம்.

இப்போது அடுத்தது மேகதாது. 67.16 டி.எம்.சி. கொள்ளளவுக்கு ஒரு அணை, பெங்களூருக்கு 4.75 டி.எம்.சி. குடிநீர், கூடவே மின்சாரம் என்பது கர்நாடகத்தின் திட்டம். இதைப் பற்றித் தமிழ்நாட்டில் எல்லாக் கட்சிக்கும் ஒரே குரல், அங்கேயும் எல்லாக் கட்சிக்கும் ஒரே குரல், எதிர்க்குரல். நானும் தண்ணீர் குடிப்பது இதே பெங்களூரில்தான். காவேரி என்று பெயர் போட்ட குழாயிலிருந்துதான் வருகிறது. ஊரில் அப்பாவுக்கு இந்த அணை என்றாலே பயம், மேல்மாடிக்காரருக்கு அது நம்பிக்கை. யாராவது மறுபடியும் இரண்டு பக்க விவசாயிகளையும், இந்த முறை கூலிக்காரர்களையும் பெங்களூரில் டேங்கர் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறவர்களையும் சேர்த்து, கேமரா இல்லாமல் உட்கார வைத்தால், நான் கேட்கச் சொல்லிக் கொடுத்தனுப்புகிற கேள்விகள் இவைதான்: கெட்ட வருடம் ஜூலையில் அந்த அணையில் 30 டி.எம்.சி. இருக்கிறது, மேட்டூர் காய்ந்து கிடக்கிறது, மதகுச் சாவி யாரிடம் இருக்கும்? 4.75 போதும் என்றால் 67 எதற்கு? அணை வேண்டாம் என்றால், வெள்ள வருடத்தில் கடலுக்குப் போகிறதே, அதைப் பிடிக்கத் தமிழ்நாடு இதுவரை என்ன கட்டியிருக்கிறது? கடைசிக் கேள்வி மத்தூர்க்காரர் கொடுத்தது. அப்பாவிடம் கேட்டேன், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அது நாமளும் கேக்க வேண்டியதுதான்" என்றார்.